வீட்டைச் சுமந்து திரியும் புழு

ஆமையும் நத்தையும் தம் வீட்டைத் தாமே சுமந்து செல்லும் என்பதை நாம் கீழ் வகுப்புகளிலேயே படித்திருக்கிறோம். அவற்றைப் போலவே தன் வீட்டைச் சுமந்துகொண்டு வாழும் புழு ஒன்று நம் தோட்டத்திலும் உண்டு. செம்பனை மட்டையின் அடிப்புறத்தில் காய்ந்த சருகுத் துணுக்கைப் போல அது தொங்கிக்கொண்டிருக்கும். பள்ளிக்குச் செல்லும் வழியில் நாள்தோறும் அதனைக் கடந்து செல்கிறோம். குப்பை என்று எண்ணுகிறோமேயன்றி, அதற்குள் ஓர் உயிர் இருக்கிறது என்று எண்ணுவதில்லை.

அதன் பெயர் பைப்புழு. மலாய் மொழியில் அதனை ‘உலாட் புங்குஸ்’ என்று வழங்குவர். பொட்டலத்துக்குள் இருக்கும் புழு என்பது அதன் பொருள். இலத்தீன் மொழியில் அறிவியலார் அதற்கு இட்ட பெயர் ‘மெத்திசா பிளானா’. அது ஓர் அந்துப்பூச்சியின் இளமைப் பருவமாகும். அதனை இனங்காண்பது எவ்வாறு, அது எவ்வாறு பிறந்து வளர்ந்து மடிகிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஏன் இதனை அறிய வேண்டும்?

நம் நாட்டில் செம்பனையை முதன்முதலாக வாணிக நோக்குடன் பயிரிட்டது 1917-ஆம் ஆண்டில், சிலாங்கூரிலுள்ள தென்னமாரம் தோட்டத்தில். அதன் பின்னர் இரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை எழுந்தது. பால்மரம் வெட்டிய கைகள் குலை வெட்டக் கற்றுக்கொண்டன. இன்று தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றின் அடுப்பு எரிவது செம்பனைக் குலையை நம்பியேயாகும். குலை குறைந்தால் வெட்டுகூலி குறையும். உதிரிப்பழம் பொறுக்கும் தாய்மாரின் வரும்படியும் குறையும். அக்குலையைக் குறைக்கும் வல்லமை அரை அங்குல நீளமுள்ள இப்புழுவுக்கு உண்டு. ஆதலால் இது மாணவர் மட்டும் படிக்க வேண்டிய பாடமன்று. பெற்றோரும் அறிய வேண்டியதாகும்.

அந்துப்பூச்சி என்பது யாது?

வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் உறவுமுறையில் மிக நெருங்கியவை. இரண்டின் சிறகுகளிலும் நுண்ணிய செதில்கள் தூள்போலப் படிந்திருக்கும். எனினும் அவற்றைப் பிரித்தறிய வழியுண்டு. வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் சிறு குமிழுடன் முடியும். அந்துப்பூச்சியின் உணர்கொம்போ நூல்போலவோ சீப்பின் பற்களைப் போலவோ இருக்கும். வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் பகலில் பறக்கும்; அந்துப்பூச்சிகளில் மிகுதியானவை இரவில் பறப்பவை. விளக்கைச் சுற்றி வட்டமிடும் பூச்சிகளுள் பல அந்துப்பூச்சிகளே.

இரண்டும் முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என்னும் நான்கு பருவங்களைக் கடக்கின்றன. பைப்புழுவும் இந்த நான்கு பருவங்களையும் கடக்கிறது. ஆனால் அதன் பெண்ணினம் மற்றப் பூச்சிகளினின்றும் மிகவும் வேறுபட்டது. அவ்வியப்பைப் பின்னர்க் காண்போம்.

பையின் அமைப்பு

பையைக் கட்டுவது புழுவேதான். தன் வாயருகே சுரக்கும் பட்டு நூலால் முதலில் ஒரு சிறு குழாயைப் பின்னும். பிறகு இலையைக் கடித்துத் துணுக்குகளாக்கி, அவற்றை அக்குழாயின் வெளிப்புறத்தில், கூரைக்கு அத்தாப்பு வேய்வதைப் போல, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும். உள்ளே பட்டு மெத்தை. வெளியே சருகுப் போர்வை. பறவையின் கண்ணுக்கும் மனிதர் கண்ணுக்கும் அது உலர்ந்த இலைத்துண்டாகவே தோன்றும்.

பையில் இரண்டு திறப்புகள் உண்டு. மேற்புற வாயில் வழியாகப் புழு தலையையும் முன்னங்கால்களையும் வெளியே நீட்டி, இலையைத் தின்றுகொண்டே நகரும். கீழ்ப்புறத்திலுள்ள சிறு துளை வழியாகக் கழிவை வெளியேற்றும். தொட்டால் சட்டென்று உள்ளே ஒடுங்கிக்கொள்ளும். உடல் வளர வளரப் பையையும் நீட்டிப் பெரிதாக்கிக்கொள்ளுமேயன்றி, அதை விட்டு வெளியே வருவதில்லை. முழு வளர்ச்சியடைந்த நிலையில் பையின் நீளம் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் இருக்கும்.

ஒத்த தோற்றமுடைய பிற பைகள்

நம் நாட்டுச் செம்பனைகளில் மூவகைப் பைப்புழுக்கள் முதன்மையாகக் காணப்படுகின்றன. மெத்திசா பிளானாவின் பை, கூட்டுப்புழுப் பருவத்தில், கைத்தடியின் வளைந்த பிடியைப் போன்ற குறுகிய கொக்கியால் இலையில் மாட்டப்பட்டிருக்கும். ‘தெரோமா பெண்டுலா’ என்னும் இரண்டாம் வகையின் பை அதனினும் சிறியது. நீண்ட மெல்லிய நூலின் நுனியில் கடிகார ஊசலைப் போலத் தொங்கும். ‘மகாசேனா கோர்பெட்டி’ என்னும் மூன்றாம் வகையின் பை ஓர் அங்குலத்துக்கும் மேற்பட்டது. பெரிய இலைத்துண்டுகள் கலைந்தாற்போல அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கொக்கி, நூல், உருவம் ஆகிய மூன்றையும் நோக்கினால் இன்ன வகை என்று கூறிவிடலாம்.

நம் வீட்டுச் சுவரில் பூசணி விதையைப் போன்ற தட்டையான சாம்பல் நிறப் பை ஒன்று மெல்ல ஊர்ந்து செல்வதையும் நாம் பார்த்திருக்கிறோம். அதுவும் அந்துப்பூச்சியின் புழுவே. எனினும் அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. சிலந்தி நூல், உதிர்ந்த முடி, கம்பளி முதலியவற்றைத் தின்று வாழும் அது, செம்பனைக்குத் தீங்கு செய்வதில்லை.

வாழ்க்கை வட்டம்

முட்டை: தாய்ப்பூச்சி தன் பைக்குள்ளேயே 100 முதல் 300 வரை முட்டையிடும். முட்டைகள் வெளியே தெரிவதில்லை. சுமார் 18 நாளில் அவை பொரிக்கின்றன.

புழு: பொரித்த புழு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். தாயின் பையை விட்டு வெளியேறியதும் அது செய்யும் முதல் வேலை, தனக்கென ஒரு பை கட்டிக்கொள்வதே. இளம்புழு இலையின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும். வளர்ந்த புழு இலையின் அடிப்புறத்தில் தொங்கியவாறு துளையிட்டுத் தின்னும். இப்பருவம் இரண்டு மாதத்துக்கும் மேல் நீடிக்கும். மரத்துக்குக் கேடு விளைவது இப்பருவத்தில்தான்.

கூட்டுப்புழு: முழு வளர்ச்சியடைந்த புழு தின்பதை நிறுத்திவிடும். பையை இலையில் கொக்கியால் மாட்டி, வாயிலை நூலால் மூடி, உள்ளே தலைகீழாகத் திரும்பிக்கொண்டு உருமாறும்.

முதிர்பூச்சி: இங்கேதான் ஆணும் பெண்ணும் வேறுபடுகின்றன. ஆண், கறுத்த பழுப்பு நிறமுள்ள சிறிய அந்துப்பூச்சியாகிப் பையின் கீழ்முனை வழியாக வெளியேறிப் பறக்கும். அது விட்டுச் சென்ற தோல், பையின் அடியில் பாதி நீட்டிக்கொண்டிருக்கும். அதனைக் கண்டால், ஆண் பூச்சி வெளியேறிய பை என்று அறியலாம். ஆணுக்கு உண்பதற்கு ஏற்ற வாய் இல்லை. பெண்ணைத் தேடிக் கூடுவதற்காகவே சில நாள் உயிர் வாழும்.

பெண்ணுக்குச் சிறகே முளைப்பதில்லை. முதிர்ந்த பின்னும் அது புழுவைப் போலவே தோன்றும். பையை விட்டு வெளியே வராமல், மணம் ஒன்றைக் காற்றில் பரப்பும். அம்மணத்தைத் தன் சீப்புப் போன்ற உணர்கொம்புகளால் உணரும் ஆண், இருளிலும் பெண் இருக்கும் பையைத் தேடி வந்து சேரும். கூடிய பின் பெண் பைக்குள்ளேயே முட்டையிட்டு, உடல் சுருங்கி மடியும். தான் கட்டிய வீட்டிலேயே வாழ்ந்து, அதனையே பிள்ளைகளுக்குத் தொட்டிலாக விட்டுச் செல்கிறது அத்தாய்.

முட்டை தொடங்கி மீண்டும் முட்டையிடும் வரை சுமார் மூன்று முதல் மூன்றரை மாதம் ஆகும். எனவே ஓராண்டில் மூன்று அல்லது நான்கு தலைமுறைகள் தோன்றலாம்.

சிறகில்லாத தாயின் பிள்ளைகள் பரவுவது எவ்வாறு?

தாய்க்குச் சிறகில்லை, புழுவுக்கும் சிறகில்லை. அவ்வாறிருக்க, ஒரு மரத்தில் தோன்றிய புழு ஒரு வட்டாரம் முழுவதும் எவ்வாறு பரவுகிறது?

பொரித்த புழுக்கள் மெல்லிய பட்டு நூலை விட்டு இலையிலிருந்து கீழே இறங்கித் தொங்கும். காற்று வீசும்போது நூலோடு அவை மிதந்து சென்று வேறு மரத்தைச் சேரும். ஒரு மரத்தின் மட்டை மற்றொரு மரத்தின் மட்டையைத் தொடுமிடத்தில் ஊர்ந்தும் செல்லும். மனிதரின் ஆடையிலும், வெட்டிய மட்டையிலும், வாகனத்திலும் ஒட்டிக்கொண்டு போவதும் உண்டு.

இங்கே ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். ஒரு தாய் 200 முட்டையிடுவதாகவும், அவற்றுள் பாதி பெண்ணாவதாகவும் கொள்வோம். அந்த 100 பெண்களும் தலைக்கு 200 முட்டையிட்டால் எத்தனை? இருபதாயிரம்! ஏழு மாதத்துக்குள் ஒரு பை இருபதாயிரம் பைகளாகிவிடும். அவ்வாறாயின் உலகில் ஒரு செம்பனையாவது மிஞ்சியிருக்க முடியுமா? மிஞ்சியிருக்கிறதே! ஆகவே நம் கணக்கில் நாம் சேர்க்காமல் விட்டது ஏதோ இருக்கிறது. அதனைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

மரத்துக்கு நேரும் கேடு

புழு தின்ற இலையில் முதலில் சிறு பழுப்புப் புள்ளிகள் தோன்றும். பிறகு அவை துளைகளாகும். தாக்குதல் மிகுந்தால் மட்டைகள் காய்ந்து, தூரத்திலிருந்து நோக்குவோருக்குத் தோட்டமே தீயில் கருகியது போலக் காட்சியளிக்கும்.

இலையே மரத்தின் சமையற்கூடம். சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைப்பது அதுவே. சமையற்கூடம் அழிந்தால் குலைக்கு உணவேது? இலைப்பரப்பில் 10 முதல் 13 விழுக்காடு அழிந்தாலே விளைச்சல் 33 முதல் 40 விழுக்காடு வரை குறையக்கூடும் என்பது ஆய்வாளர் கூற்று. மரம் உடனே பட்டுப்போவதில்லை. எனினும் குலை குறைந்த நிலை தொடர்ந்து நீடிக்கும். இக்காரணத்தால் பயிர்த் தடுப்புக்காப்புச் சட்டம் 1976-இன் கீழ், 2013-ஆம் ஆண்டில் பைப்புழு அபாயகரமான பூச்சியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது.

கண்ணாடிக் குப்பியில் கண்டது

எங்கள் பள்ளி அறிவியற் கழகத்தில், இலையோடு கூடிய சில பைகளைக் கொணர்ந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டிவைத்தோம். எல்லாம் கொக்கி மாட்டிய பைகள். நாள்தோறும் காலையில் அதனை நோக்கிக் குறிப்பெழுதினோம்.

சில நாள் கழித்துச் சிறு கறுத்த அந்துப்பூச்சிகள் குப்பியின் உட்புறத்தில் படபடத்தன. எதிர்பார்த்தது நடந்ததில் மாணவர்கள் மகிழ்ந்தார்கள். மறு வாரம் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. வேறு சில பைகளில் ஊசியால் குத்தியது போன்ற வட்டத் துளைகள் தோன்றின. அவற்றிலிருந்து வெளிவந்தவை அந்துப்பூச்சிகள் அல்ல. கண்ணாடிபோன்ற சிறகும் ஒடுங்கிய இடையும் உடைய சின்னஞ்சிறு குளவிகள்! பைப்புழு எப்படிக் குளவியாயிற்று என்று ஒரு மாணவி வியந்து கேட்டாள்.

புழு குளவியாகவில்லை. குளவியின் பிள்ளை புழுவைத் தின்றுவிட்டது. தாய்க்குளவி பைப்புழுவைத் தேடிச் சென்று முட்டையிடும். அம்முட்டையிலிருந்து தோன்றும் குளவிப்புழு பைப்புழுவை உணவாக்கி வளர்ந்து, பையைத் துளைத்து வெளியேறும். நம் கணக்கில் விட்டுப்போனது இதுவே. குளவிகளோடு, கூரிய அலகால் புழுவைக் குத்தி உறிஞ்சும் வேட்டை நாவாய்ப் பூச்சிகளும், புழுவை இரையாக்கும் ஒருவகை வண்டும் செம்பனைக் காட்டில் உள்ளன. இருபதாயிரம் ஆக வேண்டியதைச் சிலவாகக் குறைத்து வைப்பவை இவையே. கூலி கேளாமல் இரவும் பகலும் காவல் புரியும் காவலர்கள் இவர்கள்.

மருந்தே பகையான வரலாறு

1950-களின் பிற்பகுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில், தொட்ட பூச்சிகளையெல்லாம் கொல்லும் கடும் மருந்துகள் தெளிக்கப்பட்டன. டி.டி.டி., டீல்டிரின், எண்டிரின் முதலியன அவ்வகையின. அவை தெளித்த இடங்களில் பைப்புழு ஒழிந்திருக்க வேண்டும். மாறாக, அது பெருகிற்று.

காரணம் என்ன? பைப்புழுவுக்கு ஒரு பை இருந்தது. மருந்து பட்டாலும் பல புழுக்கள் உள்ளே தப்பிப் பிழைத்தன. குளவிக்கோ பை இல்லை. வெளியே பறந்து திரிந்த குளவிகள் மடிந்தன. காவலர் மடிந்த ஊரில் கள்வர் பெருகுவது இயல்புதானே! பூச்சியியல் அறிஞர் பி.ஜே. வூட் இதனை ஆராய்ந்து விளக்கினார். செம்பனைப் பூச்சிகளைப் பற்றிய அவருடைய நூல் 1968-இல் வெளியாயிற்று. கடும் மருந்தை நிறுத்திய பின்னர் இயற்கைக் காவலர் மீண்டும் பெருகி, புழுவின் தொகை தணிந்தது.

வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. ஒரு காலத்தில் செம்பனைப் பூக்களுக்குத் தொழிலாளர்களே மகரந்தத் தூளைத் தூவி வந்தனர். 1981-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கெமரூன் நாட்டிலிருந்து ஒருவகைச் சிறு வண்டு இங்குக் கொண்டுவந்து விடப்பட்டது. அன்று முதல் அவ்வேலையை அதுவே செய்து வருகிறது. அவ்வண்டு இல்லையேல் பூ காயாவது அரிது. கண்ட பூச்சியையெல்லாம் கொல்ல முற்பட்டால், பழுக்க வேண்டிய குலையையும் சேர்த்தே கொல்கிறோம்.

நாம் செய்ய வேண்டியன

முதலாவது, நோக்குதல். மட்டையில் பழுப்புப் புள்ளியோ துளையோ கண்டால் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பை தொங்கினால் வீட்டிலுள்ள பெரியவரிடம் கூற வேண்டும். அவர் மண்டோரிடமோ நிர்வாகத்திடமோ தெரிவிப்பார்.

இரண்டாவது, எண்ணுதல். தோட்டங்களில் மட்டையை வெட்டி இறக்கி, அதிலுள்ள புழுக்களை எண்ணிப் பார்ப்பது வழக்கம். பையை எண்ணினால் போதாது. உயிருள்ள புழுவையே எண்ண வேண்டும். துளையுள்ள பை குளவி வென்ற பை. தோல் நீட்டியிருக்கும் பை ஆண் வெளியேறிய பை. இவ்விரண்டையும் கணக்கில் சேர்த்தால், வேண்டாத இடத்தில் மருந்து தெளிக்க நேரிடும்.

மூன்றாவது, தக்க முறையைத் தேர்தல். தாக்குதல் மிகுந்தால் மருந்து வேண்டியதாகலாம். ‘பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்’ என்னும் நுண்ணுயிரைக் கொண்டு செய்த மருந்து அதற்கு ஏற்றது. அது தூவப்பட்ட இலையைத் தின்னும் புழுவே மடியும். இலையைத் தின்னாத குளவிக்குத் தீங்கில்லை. இளம்புழுப் பருவத்தில் தெளித்தால்தான் முழுப்பயன் கிட்டும். கொக்கி மாட்டிய பைக்குள் இருப்பது உண்பதை நிறுத்திவிட்டதால், அப்போது தெளிப்பது வீண். வாழ்க்கை வட்டத்தை அறிந்திருப்பதன் பயன் இப்போது விளங்குகிறதன்றோ?

நான்காவது, காவலரைப் பேணுதல். குளவிகளுக்குப் பூந்தேன் உணவு. ஆதலால் தோட்டச் சாலையோரங்களில், காலையில் மலர்ந்து நண்பகலில் வாடும் தர்னேராச் செடி, மஞ்சட் பூப்பூக்கும் காசியாச் செடி, இளஞ்சிவப்புக் கொத்துகளையுடைய அந்திகோனோன் கொடி ஆகியவற்றை நட்டு வளர்க்கிறார்கள். அவை அழகுக்கு மட்டும் நடப்பட்டவை என்று நாம் எண்ணியிருக்கலாம். அவை காவலர்க்கு வைத்த சாப்பாட்டுக் கடைகள்! அவற்றை ஒடிக்கவோ பிடுங்கவோ கூடாது.

ஐந்தாவது, நம் உடலைக் காத்தல். மருந்து தெளித்த வட்டாரத்துக்குள் பிள்ளைகள் செல்லலாகாது. மருந்து தெளிக்கும் பெற்றோர் கையுறையும் முகக்கவசமும் அணிவதோடு, வீடு திரும்பியதும் குழந்தையைத் தூக்குமுன் குளித்து உடை மாற்ற வேண்டும். அவ்வுடையைத் தனியே துவைக்க வேண்டும். மருந்துக் கலன்களில் தண்ணீர் சேமிக்கவே கூடாது.

செய்து பார்ப்போம்

கொக்கி மாட்டிய ஐந்து பைகளை, பெரியவர் துணையுடன், இலையோடு எடுத்துக் குப்பியில் இட்டு வாயைத் துணியால் கட்டுக. நாள்தோறும் தேதியிட்டுக் குறிப்பெழுதுக. வெளிவருவது அந்துப்பூச்சியா, குளவியா, நூலில் தொங்கும் இளம்புழுவா என்று வரைந்து காட்டுக. குளவி வந்தால் அதனைச் செம்பனைக் காட்டிலேயே விட்டுவிடுக. பையும் புழுவும் மிஞ்சினால் சோப்பு நீரில் அமிழ்த்தி அழித்திடுக.

முடிவுரை

சருகென்று நாம் கருதிய ஒன்றுக்குள் எத்துணை வாழ்க்கை அடங்கியிருக்கிறது! சிறகில்லாத தாயும், வாயில்லாத தந்தையும், காற்றேறிச் செல்லும் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். அவர்களைத் தேடி வரும் பகைவரும் இருக்கிறார்கள். அப்பகைவரே நமக்கு நண்பர்.

நம் பெற்றோர் வெயிலிலும் மழையிலும் நின்று வெட்டும் ஒவ்வொரு குலைக்குப் பின்னாலும் இத்தகைய போராட்டம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அதில் யார் நண்பர், யார் பகைவர் என்று அறியாமல் கையோங்கினால், அடி நம் மேலேயே விழும் என்பதை 1960-களின் அனுபவம் நமக்குக் காட்டிவிட்டது. ஆகவே, நாளை பள்ளிக்கு வரும் வழியில் ஒரு மட்டையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்போம். பை இருக்கிறதா, அது எவ்வகை, அதில் துளை உண்டா என்று நோக்குவோம். கண்டதைக் குறித்து வைப்போம், வீட்டாரிடமும் சொல்வோம். வெள்ளம் வருமுன் அணை போடும் வேலையில், சின்னஞ்சிறு பிள்ளைகளாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு.